‘யூ ஷுட்’ என்று தொடங்குவதற்கு முன்

தமிழில் ஒருவருக்கு யோசனை சொல்லும்போது மரியாதை வினையின் வாலில் ஒட்டிக்கொண்டு வந்துவிடும். ‘டாக்டரிடம் ஒரு தடவை காட்டிப் பாருங்களேன்’ என்றால் அதில் அக்கறையும் இருக்கிறது, கேட்பதும் கேட்காததும் உங்கள் இஷ்டம் என்பதும் இருக்கிறது. ஆங்கில வினையில் அப்படி ஒட்டிக்கொள்ள எதுவும் இல்லை. அதனால் அதே அக்கறையோடு ‘யூ ஷுட் சீ எ டாக்டர்’ என்கிறோம், எதிரில் இருப்பவருக்கு அது தீர்ப்பு மாதிரி கேட்கிறது. ஆங்கிலத்தில் பணிவு பெரும்பாலும் வாக்கியத்தின் தொடக்கத்தில் வரும். ‘மேபி யூ குட்...’, ‘ஹேவ் யூ தாட் அபவுட்...’, ‘இட் மைட் ஹெல்ப் டு...’ என்று ஆரம்பித்துப் பழகிவிட்டால் பாதி வேலை முடிந்தது.

‘ஷுட்’ கெட்ட வார்த்தை ஒன்றும் இல்லை. ‘வாட் ஷுட் ஐ டூ?’ என்று அவரே கேட்டால் ‘ஐ திங்க் யூ ஷுட்...’ என்று தாராளமாகச் சொல்லலாம். கேட்காதபோதுதான் சிக்கல். அதைவிடப் பெரிய சிக்கல் ‘யூ ஹேட் பெட்டர்’. இலக்கணப் புத்தகங்களில் இது அறிவுரை சொல்லும் பாடத்தில்தான் இருக்கும். ‘பெட்டர்’ என்று வருவதால் இதமாகவும் தோன்றும். ஆனால் அதற்குள் ‘இல்லையென்றால் நடப்பதே வேறு’ என்ற எச்சரிக்கை இருக்கிறது. ‘யூ ஹேட் பெட்டர் செண்ட் இட் டுடே’ என்று கூட வேலை செய்பவரிடம் சொன்னால் மிரட்டுவதாக எடுத்துக்கொள்வார். நம்மைப் பற்றி நாமே ‘ஐ ஹேட் பெட்டர் கோ நவ்’ என்பதில் ஒரு தப்பும் இல்லை.

அலுவலகத்தில் இது அடிக்கடி வரும். சக ஊழியர் அனுப்பிய அறிக்கையில் இரண்டாம் பக்கத்துக் கூட்டுத்தொகை உதைக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ‘யூ ஹேவ் மேட் எ மிஸ்டேக், ப்ளீஸ் கரெக்ட் இட்’ என்று எழுதினால் விஷயம் சரிதான், ‘ப்ளீஸ்’கூட இருக்கிறது. ஆனால் அந்த ‘ப்ளீஸ்’ உத்தரவை யோசனையாக மாற்றாது. உத்தரவுக்கு மேல் ஒரு பூச்சு, அவ்வளவுதான். இதையே ‘இட் மைட் பி வொர்த் செக்கிங் த டோட்டல் ஆன் பேஜ் டூ’ என்று எழுதிப் பாருங்கள். ‘யூ’ காணாமல் போய்விட்டது. தப்பு செய்த ஆள் மறைந்து, சரிபார்க்க வேண்டிய எண் மட்டும் நிற்கிறது. ‘யூ’வைத் தூக்கிவிட்டு ‘வீ’ போடுவது இன்னொரு வழி: ‘குட் வீ மூவ் திஸ் டு த டாப்?’ எனக்கு முதல் வழிதான் பிடிக்கும். ‘வீ’ என்று சொல்லிவிட்டு வேலையை அவர் தலையில் கட்டினால் அதுவும் கசக்கும்.

‘ஒய் டோண்ட் யூ ஆஸ்க் ஹர்?’ நல்ல, இயல்பான யோசனை. குரலைக் கொஞ்சம் உயர்த்தினால் எரிச்சல். அதை ‘ஒய் டிடன்ட் யூ ஆஸ்க் ஹர்?’ என்று இறந்தகாலத்துக்குக் கொண்டுபோனால் சுத்தமான குற்றச்சாட்டு. காரியம் முடிந்த பிறகு யோசனை சொல்லாமல் இருப்பதே மேல்.

சில இடறல்களைச் சொல்லிவிடுகிறேன். ‘சஜஸ்ட் மீ எ டென்டிஸ்ட்’ வேண்டாம். ‘குட் யூ ரெகமெண்ட் எ டென்டிஸ்ட்?’ போதும். ‘ஐ சஜஸ்ட் யூ டு வெயிட்’ என்பதில் ‘டு’ வராது. ‘அட்வைசஸ்’ என்று பன்மை கிடையாது, ‘சம் அட்வைஸ்’தான். உடம்பு சரியில்லாதவரிடம் ‘டேக் ரெஸ்ட்’ என்பதைவிட ‘ஐ ஹோப் யூ கெட் சம் ரெஸ்ட்’ இயல்பாக இருக்கும். அப்புறம், ‘ஐ வாஸ் ஜஸ்ட் வொண்டரிங் இஃப் மேபி பெர்ஹாப்ஸ்’ என்று எல்லாவற்றையும் ஒரே வாக்கியத்தில் கொட்டாதீர்கள். ஒன்று போதும். ஆபத்து என்றால் அதுவும் வேண்டாம், ‘வாட்ச் அவுட்!’ என்று கத்திவிடுங்கள்.

சொல்வதைவிடக் கேட்டுப் புரிந்துகொள்வதில்தான் ஆங்கிலச் சூழலுக்குப் புதிதாக வருபவர்கள் அதிகம் தடுமாறுகிறார்கள். மேலாளர் ‘யூ மைட் வாண்ட் டு ஹேவ் அனதர் லுக் அட் திஸ்’ என்றால், விருப்பம் இருந்தால் பார்க்கலாம் என்று நினைத்துவிடாதீர்கள். பெரும்பாலும் ‘திரும்பச் செய்யுங்கள்’ என்றே பொருள். ‘ஐ அம் நாட் ஷ்யூர் தட் வில் வொர்க்’ என்பவருக்குச் சந்தேகம் கொஞ்சநஞ்சம் அல்ல, வேண்டாம் என்று அநேகமாக முடிவே செய்துவிட்டார். ‘இன்டரஸ்டிங்’ என்ற ஒற்றைச் சொல்லை வைத்துக்கொண்டு சந்தோஷப்பட்டுவிடவும் வேண்டாம்.

உடல் எடை, குழந்தை எப்போது, சம்பளம், பிள்ளையை வளர்க்கும் விதம் ஆகியவை பற்றி நம்மவர்கள் உரிமையோடு சொல்வதை ஆங்கிலம் பேசும் நாடுகளில் பெரும்பாலும் அத்துமீறலாகவே எடுத்துக்கொள்வார்கள். எவ்வளவு பணிவாகச் சொன்னாலும் எடுபடாது. மற்ற விஷயங்களில் ‘கேன் ஐ மேக் எ சஜஷன்?’ என்று முதலில் கேட்டுவிடுங்கள். ஒருவர் தன் கஷ்டத்தைச் சொன்னால் உடனே தீர்வோடு பாயாமல் ‘தட் சவுண்ட்ஸ் டஃப்’ என்று சொல்லிவிட்டுச் சற்றுப் பொறுங்கள். யோசனை வேண்டுமென்றால் அவரே கேட்பார்.

நீங்கள் சொன்ன யோசனைக்கு ‘தேங்க்ஸ், ஐ வில் திங்க் அபவுட் இட்’ என்று பதில் வந்தால் பேச்சை அங்கேயே விட்டுவிடுங்கள். அது பல நேரம் மரியாதையான மறுப்பு. மறுநாள் பார்த்து ‘செய்தீர்களா?’ என்று விசாரிக்க வேண்டாம்.