காலை நீட்டி வைத்தபடியே பின்னலாம்: காயம் ஆறும் நாட்களுக்கு ஊசிப் பின்னலின் முதல் பாடம்

கணுக்கால் சுளுக்கியோ, முழங்காலில் அறுவை சிகிச்சை முடிந்தோ, எலும்பு முறிந்து மாவுக்கட்டுப் போட்டோ வீட்டில் இருப்பவர்களுக்கு மருத்துவர் முதலில் சொல்வது, காலை உயர்த்தி வைத்து ஓய்வெடுங்கள் என்பதுதான். சொல்வது சுலபம். வலி கொஞ்சம் குறைந்ததுமே கை பரபரக்கும். அதை மட்டும் எடுத்து வைத்துவிட்டு வந்துவிடலாமே என்று எழுந்துவிடுவோம். கைக்கு வேலை கிடைத்தால் கால் அடங்கி இருக்கும். அதற்கு ஊசிப் பின்னல் (நிட்டிங்) மிகவும் பொருத்தம். முதல் உலகப் போர்க் காலத்திலேயே (1914–1918) காயமடைந்த வீரர்களுக்கு மருத்துவமனைகளில் பின்னல் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். படுக்கையிலிருந்தே செய்யலாம், தூக்கம் வந்தால் பாதியில் வைத்துவிடலாம்.

இந்தப் பாடம் இடுப்புக்குக் கீழே அடிபட்டவர்களுக்கு. கை, மணிக்கட்டு, தோள், கழுத்தில் காயம் என்றால் மருத்துவரைக் கேட்காமல் ஊசியைத் தொடவேண்டாம். தலையில் அடிபட்டவர்களும் அப்படியே; உற்றுப் பார்த்துச் செய்யும் வேலை தலைவலியைக் கூட்டிவிடலாம்.

முதலில் உட்காரும் இடம்

நூலைப் பற்றிப் பேசுவதற்கு முன் இதைச் சரிசெய்துவிடுங்கள். வீக்கம் வடிய வேண்டுமானால் பாதம் நெஞ்சு மட்டத்துக்கு மேலே இருக்கவேண்டும். ஆனால் அந்த நிலையில் முதுகு சாய்ந்துவிடும், பின்னலைப் பார்க்கக் கழுத்தை வளைக்க நேரும். ஆகவே முதுகுக்குப் பின்னால் இரண்டு தலையணை, காலுக்கடியில் தேவையான அளவு, அதோடு இரண்டு முழங்கைக்குக் கீழும் ஒவ்வொன்று. பலரும் விட்டுவிடுவது இந்தக் கடைசி இரண்டைத்தான். முழங்கை தாங்கலில் இருந்தால் தோள் இறுகாது, வெகுநேரம் கை வலிக்காது.

நூல் பந்தை ஒரு பையில் போட்டு இடுப்பருகே வையுங்கள். தரையில் உருண்டால் குனிந்து எடுக்க வேண்டியிருக்கும். ஊன்றுகோல் இருக்கும் பக்கம் நூல் வேண்டவே வேண்டாம். எழும்போது சிக்கினால் விழுந்துவிடுவீர்கள். கத்தரி, தண்ணீர், மாத்திரை எல்லாம் கை எட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

என்ன வேண்டும்

5 மி.மீ. தடிமனுள்ள பின்னல் ஊசி, நடுத்தரத் தடிமனான நூல் ஒரு பந்து (பட்டையில் 4 என்ற எண் இருக்கும்), மழுங்கிய முனையுள்ள தடித்த தையல் ஊசி. இவ்வளவுதான். நூல் வெளிர் நிறமாக, வழவழப்பாக இருக்கட்டும். கறுப்பிலும் பூப்பூவாகப் பஞ்சு நிற்கும் நூலிலும் கண்ணி, அதாவது ஊசியில் நிற்கும் நூல் வளையம், தெரியாது. உலோக ஊசியைவிட மூங்கில் ஊசியில் நூல் வழுக்காமல் நிற்கும்.

நேர் ஊசிகளைவிட, வளையும் கம்பியால் இணைத்த வட்ட ஊசியை நான் பரிந்துரைக்கிறேன். தட்டையான துணியையும் அதில் தாராளமாகப் பின்னலாம். ஊசி முனைகள் தலையணையில் இடிக்காது, பின்னலின் கனம் மணிக்கட்டில் இல்லாமல் மடியில் கிடக்கும், கைதவறினாலும் ஓர் ஊசி கட்டிலுக்கடியில் ஓடிவிடாது.

கண்ணி ஏற்றுதல்

கண்ணி ஏற்றப் பல முறைகள் உண்டு. புதியவர்களுக்கு நான் சொல்லிக்கொடுப்பது பின்னும் அசைவிலேயே ஏற்றும் முறை. ஓர் அசைவைக் கற்றால் இரண்டு வேலைக்கும் ஆகிவிடும்.

நூலின் நுனியில் ஒரு சாண் விட்டுவிட்டு, இழுத்தால் இறுகும் சுருக்குப் போட்டு இடது ஊசியில் மாட்டுங்கள். அதுவே முதல் கண்ணி. வலது ஊசியின் முனையை அந்தக் கண்ணிக்குள் இடப்புறமிருந்து வலப்புறமாக, முன்னாலிருந்து பின்னாலே போகும்படி நுழையுங்கள். இப்போது இரண்டு ஊசியும் குறுக்காக நிற்கும், வலது ஊசி பின்னால் இருக்கும். பந்திலிருந்து வரும் நூலை வலது ஊசியின் முனையைச் சுற்றிக் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் கொண்டுவாருங்கள். அது இரண்டு ஊசிகளுக்கும் நடுவே முன்னால் வரும். அந்த நூலைப் பிடித்தபடியே வலது முனையை மெல்லக் கீழிறக்கி, சுற்றிய நூலைக் கண்ணி வழியே உங்கள் பக்கம் இழுங்கள். வலது ஊசியில் புதுக் கண்ணி வந்திருக்கும். அதைக் கழற்றி இடது ஊசியில் மாட்டுங்கள். இரண்டாவது கண்ணி தயார்.

இப்படி 30 கண்ணி ஏற்றுங்கள். இறுக்கி இழுக்காதீர்கள், ஊசியில் கண்ணி தாராளமாக நகரவேண்டும்.

பின்னுதல்

அதே அசைவுதான்: நுழை, சுற்று, இழு. கடைசியில் மட்டும் மாற்றம். புதுக் கண்ணியை வலது ஊசியிலேயே விட்டுவிட்டு, பழைய கண்ணியை இடது ஊசியிலிருந்து நழுவவிடுங்கள். இடது ஊசி காலியானால் ஒரு வரிசை முடிந்தது. ஊசிகளைக் கை மாற்றிப் பிடித்து மறுபடி தொடங்குங்கள்.

ஒவ்வொரு வரிசை முடிவிலும் கண்ணிகளை எண்ணுங்கள். 31 வந்தால் பெரும்பாலும் வரிசையின் தொடக்கத்தில்தான் கோளாறு: நூல் ஊசிக்கு மேலே ஏறிப் பின்னால் போயிருக்கும், முதல் கண்ணி இரண்டாகத் தெரிந்திருக்கும். வரிசை தொடங்கும்போது நூலைக் கீழே இழுத்து, பிறகு பின்னால் விடுங்கள். 29 என்றால் ஒரு கண்ணி நழுவியிருக்கிறது. துணியை இழுக்காமல் தேடுங்கள். முனையில் கொக்கியுள்ள குரோஷா ஊசி வீட்டில் இருந்தால் அதனால் அந்தக் கண்ணியைப் பிடித்து, மேலே உள்ள குறுக்கு நூல்களை ஒவ்வொன்றாகக் கண்ணியின் வழியே இழுத்து ஏற்றிவிடலாம். அந்த இடத்தில் மட்டும் பின்னல் சற்று வேறுமாதிரி தெரியும், துணி உறுதியாகவே இருக்கும்.

இரண்டு வரிசைக்கு ஒரு மேடு எழும்பும். 30 கண்ணிக்கு 30 மேடு, அதாவது 60 வரிசை பின்னினால் ஏறத்தாழச் சதுரம். மூலைக்கு மூலை மடித்தால் தெரிந்துவிடும்.

நீளச் சால்வையை விட்டுச் சதுரம் சொல்வதற்குக் காரணம், சிறிய துண்டு கடைசிவரை மடியில் கனக்காது.

எப்போது நிறுத்துவது

இருபது நிமிடத்துக்கு ஒருமுறை ஊசியை வையுங்கள். விரல்களை விரியுங்கள், தோளைச் சுழற்றுங்கள், மருத்துவர் அனுமதித்திருந்தால் கால் விரல்களையும் கணுக்காலையும் அசையுங்கள். விரல் மரத்துப்போனாலோ மணிக்கட்டு வலித்தாலோ அன்றைக்குப் போதும். வலி மாத்திரை தூக்கம் வரவழைத்தால் ஊசியைப் படுக்கையில் விடாமல் பையில் போட்டுவிட்டுத் தூங்குங்கள்.

கெண்டைக்கால் புதிதாக வீங்கிச் சூடாகி வலித்தால், ஓய்வுதான் தேவை என்று இருந்துவிடாதீர்கள். இரத்தம் உறைந்திருக்கலாம், அன்றே மருத்துவரிடம் போகவேண்டும். மூச்சுத் திணறலோ நெஞ்சுவலியோ இருந்தால் உடனடியாக அவசரச் சிகிச்சைக்கு.

முடித்தல்

இரண்டு கண்ணி பின்னுங்கள். முதலாவதை இடது முனையால் தூக்கி, இரண்டாவதற்கு மேலாகத் தாண்டவைத்து விட்டுவிடுங்கள். ஒன்று மிஞ்சும். இன்னொன்று பின்னி, மறுபடி தாண்டவையுங்கள். இதையும் தளர்வாகவே செய்யுங்கள், இல்லாவிட்டால் அந்த ஓரம் சுருங்கிவிடும். கடைசிக் கண்ணியில் ஒரு சாண் விட்டு நூலை வெட்டி, நுனியை அதன் வழியே இழுத்து இறுக்குங்கள். தொங்கும் இரண்டு நுனிகளையும் தையல் ஊசியில் கோத்து, மேடுகளுக்குள் ஒரு திசையிலும் பிறகு எதிர்த்திசையிலும் நுழைத்து மறையுங்கள்.

இந்தச் சதுரம் சூடான கோப்பைக்கு அடியில் வைக்கப் போதும். நூறு கிராம் பந்தில் இன்னும் சிலவற்றுக்கு நூல் இருக்கும். போதுமான அளவு சேர்ந்ததும் ஓரங்களை வைத்துத் தைத்தால் மடிப் போர்வை ஆகும். அதற்கு எல்லாச் சதுரங்களையும் அதே நூல், அதே ஊசியிலேயே பின்னிக்கொள்ளுங்கள்.