சின்ன கேம்பிங் டிரெய்லருக்கு ஆனிங்: தேர்வு செய்வதும் மாட்டுவதும்

ஆனிங், அதாவது டிரெய்லர் சுவரிலிருந்து வெளியே நீட்டிக் கட்டுகிற துணிக்கூரை, வேண்டும் என்று வருகிறவர்கள் முதலில் நிறத்தைக் கேட்பார்கள், அப்புறம் நீளத்தை. நான் முதலில் கேட்பது, மழை பெய்தால் அதன் மேல் விழுகிற தண்ணீர் எந்தப் பக்கம் இறங்கும் என்பதை. தார்ப்பாயும் கேன்வாஸும் தைப்பது என் தொழில். என்னிடம் பழுதுக்கு வருகிற ஆனிங்குகளில் வெயிலில் நைந்துபோனவை குறைவு. தண்ணீர் தேங்கி, துணி தொப்பை போட்டு, அந்தக் கனத்தில் தையல் பிரிந்தோ கால் வளைந்தோ வருபவைதான் அதிகம்.

கணக்கு எளிது. ஒரு சதுர மீட்டரில் 1 மி.மீ. மழை பெய்தால் அது 1 லிட்டர் தண்ணீர், அதாவது 1 கிலோ. இரண்டரை மீட்டர் நீளமும் 2 மீட்டர் அகலமும் உள்ள ஆனிங்கின் பரப்பு 5 சதுர மீட்டர். 10 மி.மீ. மழை வடிய வழியில்லாமல் அதன் மேலேயே நின்றால் 50 கிலோ ஆகிவிடும். நல்ல மழைக்கு அரை மணி நேரம் போதும், அவ்வளவு பெய்துவிட. எந்த வகை ஆனிங்காக இருந்தாலும் முதலில் வாட்டம், அதாவது தண்ணீர் வடிகிற சரிவு, சரியாக இருக்க வேண்டும்.

முதலில் உயரத்தை அளந்துகொள்ளுங்கள்

டிரெய்லரைச் சமதரையில் நிறுத்தி, கதவுப் பக்கச் சுவரின் மேல் விளிம்பு தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று பாருங்கள். 2.1 மீட்டர் இருந்தால் கவலையில்லை. சுவரிலிருந்து வெளிப்பக்கம் போகப்போக 25 செ.மீ. இறக்கிக் கட்டினாலும் வெளி விளிம்பு 1.85 மீட்டரில் நிற்கும், பெரும்பாலானவர்களுக்குத் தலை இடிக்காது. 2 மீட்டர் அகலத் துணிக்கு 20 முதல் 25 செ.மீ. வாட்டம் வேண்டும். அதோடு இரண்டு கால்களில் ஒன்றை இன்னும் 15 செ.மீ. தாழ்த்திவிட்டால் தண்ணீர் முழுக்க ஒரே மூலையில் இறங்கும். அந்த மூலை கதவுக்கு எதிரே இருக்கக் கூடாது, அவ்வளவுதான்.

டியர்டிராப் (கண்ணீர்த்துளி வடிவச் சின்ன டிரெய்லர்) மாதிரித் தாழ்வான டிரெய்லர்களில்தான் சிக்கல். அவற்றின் சுவர் 1.5, 1.6 மீட்டரோடு முடிந்துவிடும். அதிலிருந்து துணியை வெளிப்பக்கம் இறக்கினால் அடியில் குனிந்துதான் நிற்கணும். ஏற்றிக் கட்டினால் தண்ணீர் திரும்பி வந்து கதவின் தலையிலேயே கொட்டும். இதற்கு மூன்று வழி இருக்கிறது. கூரையில் ரேக் போட்டு, ஆனிங்கை 40 செ.மீ. உயர்த்தி அதில் மாட்டுவது ஒன்று. டிரெய்லரைத் தொடாமல் தன் காலிலேயே நிற்கிற பந்தலை ஒட்டிப் போடுவது இன்னொன்று. மூன்றாவது, துணியை எதிர்ப்பக்கச் சுவரில் மாட்டி, கூரைமேல் படரவிட்டு, கதவுப் பக்கம் உயர்த்திக் கட்டுவது.

என் டிரெய்லரும் தாழ்வானதுதான். அதற்கு நான் எடுத்தது மூன்றாவது வழி. கதவுப் பக்கம் 2.1 மீட்டர் கம்பங்கள் இரண்டு. அங்கிருந்து தண்ணீர் கூரைக்கு வந்து, கூரையின் வளைவிலேயே பின்பக்கம் இறங்கிவிடுகிறது. கூரை எப்படியும் மழைக்குச் செய்ததுதானே. மேலே காற்றுப்போக்கி ஜன்னல் இருந்தால் துணி அதை மூடிவிடும், இது ஒன்றுதான் குறை. அதனால் அந்த இடத்தில் துணியை வெட்டி, ஓரம் மடித்துத் தைத்துவிட்டேன்.

எந்த வகை

கேசட் வகையில் துணி ஓர் அலுமினியப் பெட்டிக்குள் சுருண்டிருக்கும். கைப்பிடியைச் சுற்றினால் வெளியே வரும். வசதிதான், ஆனால் இரண்டரை, மூன்று மீட்டர் நீளத்துக்கே 20 கிலோவை ஒட்டி வரும். அந்தக் கனம் முழுக்க ஒரே பக்கம், அதுவும் உச்சியில். பிரேக் இல்லாத சிறு டிரெய்லருக்கு மொத்தமே 750 கிலோ என்ற வரம்பு பல நாடுகளில் உண்டு. அதில் படுக்கை, தண்ணீர், சாமான் எல்லாம் போக மிஞ்சுவதில் 20 கிலோ பெரிய தொகை. பெட்டி பக்கவாட்டில் துருத்திக்கொண்டிருப்பதால் ஓடும்போது டிரெய்லரின் அகலமும் கூடும்.

பை வகை அதைவிட லேசு. ஃபியம்மாவின் கேரவன்ஸ்டோர் இந்த ரகம். சுருட்டிய துணியும் கால்களும் ஒரு நீளப் பைக்குள் இருக்க, அந்தப் பையே சுவரில் உள்ள ரெயிலில் (நீளக் குழியுள்ள பட்டை) தொங்கும். வேண்டாதபோது உருவி வீட்டில் வைத்துவிடலாம்.

நான் பரிந்துரைப்பது இன்னும் எளியது: சுவரில் ஓர் அலுமினிய ரெயில், ஓரத்தில் கெடர் கயிறு வைத்துத் தைத்த துணி, தனியாக இரண்டு கம்பங்கள். கெடர் என்பது விளிம்பில் உருண்டையாகப் புடைத்திருக்கிற கயிறு. ரெயிலின் குழிக்குள் பக்கவாட்டில் நுழைத்து இழுத்தால் துணி முழு நீளத்துக்கும் பிடித்துக்கொள்ளும், இடையில் மழை ஒழுகவும் வழியிருக்காது. கிழிந்தால் துணியை மட்டும் மாற்றினால் போதும். பெரும்பாலான ரெயில்களுக்கு 5 முதல் 7 மி.மீ. தடிமன் கயிறு பொருந்தும். ஆனால் ஒரு சாண் துண்டை நுழைத்துப் பார்க்காமல் தைக்கக் கொடுக்காதீர்கள்.

விசிறிபோல் 270 பாகை விரிகிற வகையைச் சிறு டிரெய்லருக்கு நான் சொல்வதில்லை. முழுக் கனமும் ஒரு மூலைக் கீலில் தொங்கும். அதைத் தாங்கும் சட்டம் சின்ன வண்டிகளில் பெரும்பாலும் இருக்காது.

நிழல் எங்கே விழும்

அகலமான ஆனிங் வாங்கினால் நிழலும் அகலமாகக் கிடைக்கும் என்று நினைப்போம். உச்சி வெயிலுக்கு அது சரி. சூரியன் ஆனிங் பக்கம் 45 பாகைக்கு இறங்கிவிட்டால், 2 மீட்டர் உயரத்தில் இருக்கிற விளிம்பின் நிழல் 2 மீட்டர் உள்ளே தள்ளிப்போய் விழும். உங்கள் ஆனிங்கின் அகலமும் 2 மீட்டர் என்றால் நிழலின் எல்லை டிரெய்லர் சுவரடியில் நிற்கும், நாற்காலி போட்ட இடம் முழுக்க வெயில். 30 பாகைக்கு இறங்கினால் மூன்றரை மீட்டர் தள்ளிப்போகும். அகலத்தைக் கூட்டி இதைச் சமாளிக்க முடியாது. முன் விளிம்பிலிருந்து ஒரு மீட்டர் தொங்குகிற மறைப்புத் துணி ஒன்று வாங்குங்கள், அல்லது தைத்துக்கொள்ளுங்கள். சாயங்கால வெயிலுக்கு அதுதான் நிழல். நிறுத்தும்போதே கதவுப் பக்கம் மேற்கைப் பார்க்காமல் திருப்பி நிறுத்தினால் இன்னும் நல்லது.

பக்கத் தட்டிகளும் போட்டு அறை மாதிரி மூடிக்கொள்கிறவர்கள் ஒன்றை மறக்காதீர்கள். அதற்குள் கரி அடுப்போ கேஸ் அடுப்போ கூடவே கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. அணைந்ததுபோல் தெரிகிற கரியும் அதை விட்டுக்கொண்டேதான் இருக்கும்.

துணி

பாலியெஸ்டரும் பருத்தியும் கலந்த கேன்வாஸ் எனக்குப் பிடித்தது. நனைந்தால் நூல் உப்பி ஊசித் துளைகளைத் தானே அடைத்துக்கொள்ளும். அதனால் புதுத் துணியை வெளியூர் கொண்டுபோகும் முன் வீட்டில் விரித்து நன்றாக நனைத்துக் காயவிட வேண்டும். கனம் கூடுதல், காயவும் நேரமெடுக்கும். பாலியூரித்தேன் பூசிய பாலியெஸ்டர் லேசானது, சீக்கிரம் காயும். ஆனால் ஈரத்தோடு மடித்து வைத்தால் பூச்சு சில வருஷத்தில் பிசுபிசுத்து உரியும். பி.வி.சி. பூசியது தண்ணீரைச் சொட்டுகூட விடாது. மூடிய அறையாகப் பயன்படுத்தினால் உள்பக்கம் வேர்க்கும்.

எதை வாங்கினாலும் தையலைத் திருப்பிப் பாருங்கள். இரண்டு துணி சேரும் இடம் ஒன்றுக்குள் ஒன்று மடிந்து இரட்டைத் தையலாக இருக்க வேண்டும். மடிப்பின் வாய் கீழ்ப்பக்கம் பார்த்திருக்க வேண்டும். மேல்பக்கம் பார்த்திருந்தால் தண்ணீர் உள்ளே நின்றுகொள்ளும். நூல் பாலியெஸ்டராக இருக்கட்டும், பருத்தி நூல் வெயிலுக்கும் ஈரத்துக்கும் நிற்காது. மூலைகளில் கயிறு கட்டும் வளையக் கண் அடித்த இடத்தில் குறைந்தது மூன்று அடுக்குத் துணி இல்லையென்றால் அதை எடுக்காதீர்கள்.

ரெயில் மாட்டுவது

முதலில் துளை போடாமல், மாஸ்கிங் டேப்பால் ரெயிலைச் சுவரில் ஒட்டிப் பாருங்கள். டிரெய்லர் ரசமட்டத்தில் நிற்கணும். கதவைத் திறந்து மூடிப் பாருங்கள். கதவு 65 செ.மீ. அகலம், துணியின் வாட்டம் பத்துக்கு ஒன்று என்றால், கதவின் ஓரத்துக்கு மேலே துணி ஆறரை செ.மீ. தாழ்ந்திருக்கும். கொஞ்சம் தொய்வும் சேரும். அதனால் கதவின் மேல் விளிம்புக்கும் ரெயிலுக்கும் 10 செ.மீ. இடைவெளி விடுங்கள். இல்லாவிட்டால் திறக்கிறபோதெல்லாம் கதவு மூலை துணியை உரசும், கேன்வாஸ் அந்த இடத்தில்தான் முதலில் ஓட்டையாகும்.

அடுத்து, சுவருக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரிய வேண்டும். அலுமினியத் தகடு மெல்லியது, அது மட்டும் ஸ்க்ரூவைத் தாங்காது. பின்னால் மரச்சட்டம் வேண்டும். விரலால் தட்டிக்கொண்டே போனால் சத்தம் மாறுகிற இடம் தெரியும். சட்டத்தில் இரும்பு ஆணி இருந்தால் சின்னக் காந்தமும் காட்டிக்கொடுக்கும். உள்ளே அலமாரியைக் கழற்றி வயர், கேஸ் குழாய் போகிற பாதையைப் பாருங்கள். சட்டமே இல்லாத நுரைப்பலகைச் சுவர் என்றால் ஸ்க்ரூவை நம்பாமல், உள்பக்கம் அலுமினியப் பட்டை வைத்து போல்ட் போட்டு இறுக்க வேண்டும்.

ரெயிலைச் சுவரில் வைக்கும் முன் அதன் வாயைச் சரிசெய்யுங்கள். கடையில் அறுத்த அலுமினியத்தின் முனையில் பிசிறு கத்திபோல் இருக்கும். உருண்டை அரத்தால் குழியின் இரு உதடுகளையும் தேய்த்து, துணி நுழைகிற முனையைக் கொஞ்சம் அகலமாக்குங்கள். பிறகு உப்புத்தாள். பழைய துணி ஒன்றை உள்ளே விட்டு இழுத்துப் பாருங்கள், ஒரு நூல்கூட மாட்டக் கூடாது.

இனி ஒட்டுவது. சுவரை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடையுங்கள். ரெயிலின் முதுகில் முழு நீளத்துக்கும் பியூட்டைல் டேப் ஒட்டுங்கள். அது காய்ந்து இறுகாது, வருஷக்கணக்கில் மெத்தென்றே இருக்கும், அதனால்தான் குலுங்கும் வண்டிக்கு அது சரி. ரெயிலை வைத்து நடுவிலிருந்து ஆரம்பித்து இரு பக்கமும் போங்கள். 15 முதல் 20 செ.மீ.க்கு ஒரு துளை. டிரில் பிட்டில் எவ்வளவு ஆழம் போகலாம் என்று டேப் சுற்றி அடையாளம் வைத்துக்கொண்டால் உள்சுவரைத் துளைக்காது. துருப்பிடிக்காத எஃகு ஸ்க்ரூதான் போட வேண்டும். கடலோரம் போகிறவர்கள் ஒவ்வொரு ஸ்க்ரூவையும் அரிப்புத் தடுப்புப் பசையில் தோய்த்துப் போடுங்கள், எஃகும் அலுமினியமும் உப்பு ஈரத்தில் சேர்ந்தால் அலுமினியம் பொரிந்துபோகும்.

ஸ்க்ரூவைக் கையால் முடுக்குங்கள். முடுக்க முடுக்க பியூட்டைல் ரெயிலின் இரு ஓரமும் சாம்பல் நிறக் கோடாகப் பிதுங்கி வரும். அந்தக் கோடு எங்காவது அறுந்திருந்தால் அங்கே இடைவெளி இருக்கிறது என்று அர்த்தம். ஒரு மணி நேரம் விட்டுவிட்டுத் திரும்ப வந்தால் எல்லா ஸ்க்ரூவும் இன்னும் கால் சுற்று ஏறும். டேப் அதற்குள் பரவியிருக்கும். பிதுங்கியதைப் பிளாஸ்டிக் துண்டால் வழித்தெடுங்கள். மேல் ஓரத்துக்கு மட்டும் பாலியூரித்தேன் சீலன்ட் ஒரு கோடு இழுத்து, ஒரு நாள் காயவிடுங்கள். சிலிக்கான் வேண்டாம். நாளைக்கு அது விட்டுப்போனால் அந்த இடத்தில் வேறு எதுவுமே ஒட்டாது.

காற்று

மணிக்கு 36 கி.மீ. வேகக் காற்று நேராக மோதினால் சதுர மீட்டருக்கு சுமார் 6 கிலோ அழுத்தம். வேகம் இரட்டித்தால் அழுத்தம் நான்கு மடங்கு, கிட்டத்தட்ட 25 கிலோ. முன்சொன்ன 5 சதுர மீட்டர் துணிக்கு அது 125 கிலோவை எட்டும். அவ்வளவையும் இரண்டு கம்பமும் நான்கு முளையும் தாங்காது. ஒவ்வொரு கம்பத்துக்கும் இரண்டு கயிறு, 45 பாகைச் சரிவில், ஒன்றுக்கொன்று விலகிய திசையில் கட்டுங்கள். முளையின் தலை டிரெய்லரை விட்டு வெளியே சாய்ந்திருக்கட்டும். மணலில் குச்சி முளை நிற்காது, அகலமான மணல் முளை வேண்டும். வெளியே சுற்றப் போகும்போதும் தூங்கப் போகும்போதும் துணியை இறக்கிவிடுங்கள். எங்கள் வீட்டில் கடைசியாகப் படுக்கிறவர் வேலை அது.

துணியை ஈரத்தோடு சுருட்ட நேர்ந்தால், வீடு போன அன்றோ மறுநாளோ விரித்துக் காயவிட வேண்டும், இல்லாவிட்டால் பூஞ்சணம் பிடிக்கும். கழுவ வெதுவெதுப்பான தண்ணீரும் மென்மையான சோப்பும் போதும். சலவைத்தூளும் பிளீச்சும் நீர் ஒட்டாப் பூச்சைக் கரைத்துவிடும். ரெயிலில் துணி இறுக்கமாக ஓடினால் எண்ணெய் விடாதீர்கள், தூசு பிடிக்கும். கெடர் கயிற்றில் மெழுகுவத்தியைத் தேய்த்தால் வழுக்கிக்கொண்டு போகும். முதல் நீண்ட ஓட்டம் முடிந்ததும் ரெயிலின் எல்லா ஸ்க்ரூவையும் ஒருமுறை முடுக்கிப் பாருங்கள். மேல் ஓர சீலன்ட் கோட்டில் வெடிப்பு இருக்கிறதா என்று வருஷம் ஒருமுறை, மழைக்காலம் வரும் முன் விரலால் தடவிப் பார்த்தால் போதும்.