ஹீமோகுளோபின் நார்மல், ஆனால் சோர்வு தீரவில்லை: பெண்களின் இரும்புச் சத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ரத்தப் பரிசோதனை அறிக்கை ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஹீமோகுளோபின் 12.3 கிராம். கர்ப்பமாக இல்லாத பெண்ணுக்கு அது 12-க்குக் கீழே இறங்கினால்தான் ரத்தசோகை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. ஆகவே 'நார்மல்' என்று சொல்லி அறிக்கையை மடித்து வைத்துவிடுகிறார்கள். அதே ரத்தத்தில் ஃபெரிட்டினையும் பார்த்திருந்தால் 8 என்று வந்திருக்கக்கூடும். அப்படியென்றால் அந்தப் பெண்ணின் உடலில் இரும்பின் கையிருப்பு ஏறக்குறையக் காலி. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, சீப்பில் கொத்தாக முடி வருகிறது, ஐஸ் கட்டியைக் கடித்துத் தின்னத் தோன்றுகிறது, படுத்தால் காலை ஆட்டாமல் இருக்க முடியவில்லை. இத்தனைக்கும் வேலைப்பளு, வயது, மனக்கவலை என்று ஏதோ ஒரு பெயர் வைத்துவிடுகிறார்கள். ஹீமோகுளோபினை மட்டும் பார்த்து முடிவு கட்டுவதுதான் முதல் தவறு. மற்ற பல தவறுகள் இதிலிருந்தே பிறக்கின்றன.

ஃபெரிட்டின் என்பது இரும்பைச் சேமித்து வைக்கும் புரதம். இரும்பு வரத்து குறையும்போது உடல் முதலில் இந்தச் சேமிப்பிலிருந்து எடுத்து ஹீமோகுளோபினைத் தயாரிக்கிறது. சேமிப்பு தீர்ந்த பிறகுதான் ஹீமோகுளோபின் சரியத் தொடங்கும். அதாவது ரத்தசோகை இந்தக் கதையின் கடைசிக் கட்டம். ஃபெரிட்டின் லிட்டருக்கு 15 மைக்ரோகிராமுக்குக் குறைந்தால் இரும்புக் குறைபாடு என்கிறது உலக சுகாதார நிறுவனம். 30-க்குக் கீழே இருந்தாலே சிகிச்சை தொடங்கும் மருத்துவர்கள் பலர். சோர்வு தொடர்ந்தால் ஃபெரிட்டின் பரிசோதனையை நீங்களே கேட்டு வாங்குங்கள், அதில் தயக்கமே வேண்டாம்.

ஃபெரிட்டினும் சில நேரம் ஏமாற்றும். உடலில் தொற்றோ அழற்சியோ இருந்தால் அந்த எண் தானாக உயரும்; உள்ளே இரும்பு இல்லாமலே 50, 60 என்று காட்டலாம். அதனால்தான் அத்தகையவர்களுக்கு எல்லையை 70 என்று வைத்திருக்கிறார்கள். காய்ச்சலோடு போய் இந்தப் பரிசோதனையைச் செய்துகொள்ள வேண்டாம். ரத்தத்தில் ஓடும் இரும்பை அளக்கும் 'சீரம் அயர்ன்' மட்டும் பார்ப்பதும் போதாது, அது ஒரே நாளில் வேளைக்கு வேளை மாறக்கூடியது.

அடுத்தது, இரும்பு எங்கே போகிறது என்று கேட்காமலே நிரப்பப் பார்ப்பது. இதில் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். 1 மில்லி ரத்தத்தில் சுமார் அரை மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. மாதவிடாயில் 40 மில்லி ரத்தம் போனால் 20 மில்லிகிராம் இழப்பு. 80 மில்லியைத் தாண்டினால் 40-க்கு மேல். தோல், குடல் வழியாக உதிரும் செல்களோடு நாளொன்றுக்கு ஏறக்குறைய 1 மில்லிகிராம் தனியே போகிறது. வரவோ, உணவிலிருந்து குடல் உறிஞ்சும் 1 முதல் 2 மில்லிகிராம்தான். மாதக் கடைசியில் கூட்டிப் பாருங்கள்: அதிக உதிரப்போக்கு உள்ள பெண், நன்றாகச் சாப்பிட்டாலும் பற்றாக்குறையில்தான் நிற்பார்.

ஆனால் அதிக உதிரப்போக்கை அதிகம் என்றே பலரும் உணர்வதில்லை. அம்மாவுக்கும் அக்காவுக்கும் அப்படித்தான் இருந்தது என்பதால் அதுவே இயல்பாகிவிடுகிறது. மணிக்கொரு முறையோ இரண்டு மணிக்கொரு முறையோ நாப்கின் நனைந்து மாற்ற வேண்டியிருப்பது, இரவில் அதற்காகவே எழுவது, பெரிய கட்டிகளாக ரத்தம் போவது, 7 நாளுக்கு மேல் நீடிப்பது எல்லாம் இயல்பல்ல. கருப்பை நார்க்கட்டி, தைராய்டு கோளாறு, ரத்தம் உறைவதில் பரம்பரைக் குறைபாடு என்று காரணம் பலவாக இருக்கலாம். உதிரப்போக்கைக் குறைக்கும் டிரானெக்சாமிக் அமிலம் என்ற மருந்து, ஹார்மோன் சுரக்கும் கருப்பைச் சாதனம் என்று நல்ல சிகிச்சைகள் இருக்கின்றன. பெண்கள் இதைப் பல்லைக் கடித்துக்கொண்டு தாங்கத்தான் வேண்டும் என்ற எண்ணம் எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

உணவைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். சிவப்பாக இருப்பதெல்லாம் ரத்தம் ஊறச் செய்யாது; 100 கிராம் பீட்ரூட்டில் 1 மில்லிகிராம் இரும்புகூட இல்லை. கீரையிலும் பருப்பிலும் இரும்பு உண்டு, ஆனால் இறைச்சியில் இருப்பதைப் போல எளிதில் உடலில் சேராது. எலுமிச்சை போன்ற வைட்டமின் சி உள்ளவற்றைச் சேர்த்துச் சாப்பிட்டால் சற்றுக் கூடும். நிரம்பிய சேமிப்பைக் காப்பாற்ற நல்ல உணவு உதவும். காலியான சேமிப்பை நிரப்பப் பெரும்பாலும் மாத்திரை வேண்டும்.

அந்த மாத்திரையை எடுத்துக்கொள்ளும் விதத்தில்தான் அதிகம் கோட்டை விடுகிறோம். தேநீர், காபி, பால், கால்சியம் மாத்திரை ஆகியவற்றோடு சேர்த்து விழுங்கினால் இரும்பு உறிஞ்சப்படுவது வெகுவாகக் குறையும். தேநீருக்கும் காபிக்கும் ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர் இரண்டுக்கும் நடுவே 4 மணி நேரம் விட வேண்டும், இல்லாவிட்டால் தைராய்டு மருந்தும் சரியாக வேலை செய்யாது. அட்டையில் போட்டிருக்கும் எடையையும் கவனியுங்கள். 325 மில்லிகிராம் ஃபெரஸ் சல்பேட்டில் உண்மையான இரும்பு 65 மில்லிகிராம்தான். ஒரு மாத்திரையை இன்னொன்றோடு ஒப்பிட இந்த இரண்டாவது எண்ணே உதவும்.

சீக்கிரம் குணமாகட்டும் என்று ஒரே நாளில் இரண்டு, மூன்று போடுவதிலும் பலன் குறைவு. இரும்பு உள்ளே போனதும் கல்லீரல் ஹெப்சிடின் என்ற ஹார்மோனைச் சுரந்து குடலின் வாசலைச் சாத்துகிறது. அது திறக்க ஏறக்குறைய ஒரு நாள் ஆகும். அதற்குள் போடும் அடுத்த மாத்திரையில் பெரும்பகுதி குடலிலேயே தங்கி வயிற்றுவலி, மலச்சிக்கல், குமட்டல் என்று தொல்லை தரும். சேமிப்பு குறைந்த பெண்களிடம் சுவிட்சர்லாந்தில் நடந்த ஆய்வுகளில், ஒருநாள் விட்டு ஒருநாள் போடும்போது ஒவ்வொரு மாத்திரையிலிருந்தும் அதிக இரும்பு உறிஞ்சப்பட்டது. வயிறு ஒத்துக்கொள்ளாதவர்கள் மாத்திரையையே கைவிடுவதற்கு முன் இந்த முறையை மருத்துவரிடம் கேட்டுப் பாருங்கள். மலம் கறுப்பாகப் போவது மாத்திரையால் வருவது, பயப்பட வேண்டாம். மாத்திரை எதுவும் சாப்பிடாதபோது தார்போலப் போனால் உடனே மருத்துவரைப் பாருங்கள்.

ஹீமோகுளோபின் ஏறியதும் மாத்திரையை நிறுத்துவது முதல் தவறின் மறுபதிப்பே. புதிதாக வந்த இரும்பு முதலில் ஹீமோகுளோபினுக்குத்தான் போகும். சேமிப்பு நிரம்ப அதன் பிறகும் சுமார் 3 மாதம் தொடர வேண்டும். ஃபெரிட்டினை மறுபடி பார்த்துவிட்டே நிறுத்துங்கள். ஊசி வழியாக இரும்பு ஏற்றிக்கொண்டவர்கள் குறைந்தது 4 வாரம் கழித்துப் பார்க்க வேண்டும், அதற்கு முன் எண் பொய்யாக உயர்ந்து நிற்கும்.

சோர்வாக இருக்கிறதே என்று பரிசோதனை செய்யாமல் இரும்பு மாத்திரை வாங்கிச் சாப்பிடவும் கூடாது. தலசீமியா என்ற பரம்பரை ரத்தக் கோளாறின் மரபணுவைச் சுமப்பவர்களுக்கும், இரும்புக் குறைபாட்டில் போலவே, சிவப்பணுக்கள் சிறுத்தே இருக்கும், ஆனால் அதற்கு இரும்பு மருந்தல்ல. தேவையில்லாத இரும்பை வெளியேற்ற உடலுக்கு வழியும் கிடையாது. வீட்டில் சிறு குழந்தை இருந்தால் மாத்திரையைப் பூட்டி வையுங்கள். சில மாத்திரைகளே உயிருக்கு ஆபத்தாகலாம்.

மாதவிடாய் நின்ற பிறகு இரும்பு குறைந்தால் மாத்திரையோடு விட்டுவிடக் கூடாது. குடலில் எங்கோ ரத்தம் கசிகிறதா என்று பார்த்தே ஆக வேண்டும், குடல் புற்றுநோய்க்கு அது முதல் அறிகுறியாக இருக்கலாம்.

கருத்தரிக்க நினைப்பவர்கள் முன்கூட்டியே ஃபெரிட்டின் பார்த்துக்கொள்வது நல்லது. ஒரு கர்ப்பத்துக்கு ஏறக்குறைய 1,000 மில்லிகிராம் இரும்பு தேவை. முதல் 3 மாதங்களில் ஊசி வழி இரும்பைத் தவிர்ப்பார்கள் என்பதால், அப்போது குறைபாடு தெரியவந்தால் மாத்திரையை மட்டுமே நம்பியிருக்க வேண்டிவரும், அதுவும் வாந்தியும் குமட்டலும் அதிகமாக இருக்கும் நேரத்தில்.