நல்ல எக்ஸ்டென்ஷன் கைமாறும்போது: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிரவுசரில் கூடுதல் வசதிக்காக நாம் போட்டுக்கொள்ளும் சிறு நிரல்தான் எக்ஸ்டென்ஷன். ரேட்டிங் பார்த்துப் போடுங்கள், தெரியாததைப் போடாதீர்கள் என்பதெல்லாம் எல்லோரும் சொல்வதுதான். புதிதாக வருபவர்கள் மாட்டிக்கொள்வது வேறு இடத்தில்.

ஒருமுறை சரிபார்த்தால் போதும் என்று இருப்பது

இதைப் பார்க்கும்போதெல்லாம் எரிச்சல் வருகிறது. நீங்கள் நம்பியது ஓர் ஆளை. ஸ்டோரில் இருக்கும் எக்ஸ்டென்ஷன் இன்னொருவர் கைக்குப் போய்விடலாம்.

பல எக்ஸ்டென்ஷன்களை ஒரே ஆள்தான் சம்பளமில்லாமல் பராமரிக்கிறார். பிரவுசர் மாறினால் நிரலைத் திருத்த வேண்டும், புகாருக்குப் பதில் சொல்ல வேண்டும். சலித்துப்போன நேரத்தில் ‘விலைக்குத் தருகிறீர்களா?’ என்று மெயில் வரும். படங்களைப் பெரிதாக்கிக் காட்டும் ஹோவர் ஜூம் பிளஸ் எக்ஸ்டென்ஷனின் டெவலப்பர் தனக்கு வந்த அத்தகைய மெயில்களைப் பொதுவிலேயே வெளியிட்டிருக்கிறார். இப்படி வாங்குபவர்கள் குறிவைப்பது பெரும்பாலும் நிரலை அல்ல, அதை ஏற்கெனவே போட்டிருக்கும் உங்களையும் நீங்கள் கொடுத்த பெர்மிஷனையும்தான்.

20 லட்சத்துக்கும் அதிகமானோர் வைத்திருந்த, பயன்படாத டேப்களை உறங்கவைக்கும் தி கிரேட் சஸ்பெண்டர், 2020 ஜூனில் கைமாறியது. அக்டோபரில் ஸ்டோருக்கு வந்த 7.1.8 பதிப்பில், அதன் நிரல் எல்லோரும் பார்க்க வைக்கப்பட்டிருந்த கிட்ஹப் தளத்தில் இல்லாத நிரல் இருந்தது. ஓப்பன் சோர்ஸ், அதாவது நிரல் வெளிப்படையாக இருக்கிறது என்பதாலேயே நிம்மதியாக இருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். கூகுள் அதை நீக்கியது 2021 பிப்ரவரியில்தான். விளம்பரத் தடுப்பானுக்குத் துணையாக இருந்த நானோ டிஃபெண்டரும் 2020 அக்டோபரில் கைமாறியது. பயனர்கள் தொடாத இன்ஸ்டாகிராம் படங்களுக்கெல்லாம் அவர்கள் பெயரில் லைக் விழுந்தது.

ஏன் எச்சரிக்கை வருவதில்லை? அப்டேட் தானாக இறங்கும். கூடுதல் பெர்மிஷன் தேவைப்பட்டால்தான் குரோம் எக்ஸ்டென்ஷனை நிறுத்திவைத்து உங்களைக் கேட்கும். எல்லாத் தளங்களையும் படிக்கவும் மாற்றவும் முதல் நாளே சம்மதித்துவிட்டால், புதிய உரிமையாளர் கேட்பதற்கு எதுவும் மிச்சமில்லை.

எல்லாத் தளங்களையும் திறந்துவிடுவது

குரோமில் ‘மேனேஜ் எக்ஸ்டென்ஷன்ஸ்’ பக்கத்தில் ‘டீடெயில்ஸ்’ போய், ‘சைட் ஆக்சஸ்’ என்பதை ‘ஆன் கிளிக்’ ஆக்குங்கள். அல்லது தேவையான தளங்களை மட்டும் சேருங்கள். விளம்பரத் தடுப்பான் இப்படிச் சரியாக வேலை செய்யாது. அதனால் வங்கி வேலைக்கு எக்ஸ்டென்ஷனே இல்லாத தனி புரொஃபைல் வைத்துக்கொள்ளுங்கள்.

பயன்படாததை வைத்திருப்பது

நீக்குங்கள்.

நீக்கியதோடு விட்டுவிடுவது

நீங்கள் லாகின் செய்திருப்பதைத் தளத்துக்குக் காட்டும் செஷன் குக்கி திருட்டுப்போயிருந்தால் பாஸ்வேர்டு இல்லாமலே கணக்குக்குள் நுழையலாம். முதலில் எக்ஸ்டென்ஷனை நீக்குங்கள். அதே கணக்கோடு சிங்க் ஆன (இணைந்திருக்கும்) எல்லாக் கணினிகளிலும் போய்விட்டதா என்று பாருங்கள். பிறகு முக்கியக் கணக்குகளில் எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறி, பாஸ்வேர்டை மாற்றுங்கள். வரிசை மாறினால் புதிய பாஸ்வேர்டும் திருடியவர்கள் கைக்கே போகலாம்.