தினமும் குடிக்கிறவர் திடீரென்று நிறுத்தினால் வீட்டில் இருப்பவர்கள் என்ன செய்ய வேண்டும்?

"இனிமே தொடமாட்டேன்" என்று சாமி மேல் சத்தியம் செய்தாலும் சரி, சபரிமலைக்கு மாலை போட்டாலும் சரி, வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம்தான். ஆனால் வருஷக்கணக்கில் தினமும் குவார்ட்டர், ஆஃப் என்று போய்க்கொண்டிருந்தவர் ஒரேயடியாக நிறுத்தினால் முதல் நாலைந்து நாளில் உயிருக்கே ஆபத்து வரலாம். இதைப் பல குடும்பங்களுக்கு யாருமே சொல்வதில்லை.

முதலில் அவருடைய காலை நேரத்தைக் கவனியுங்கள். டீ டம்ளரை இரண்டு கையாலும் பிடிக்கிற அளவுக்கு நடுக்கம் இருக்கிறதா, ஒரு கட்டிங் உள்ளே போனால்தான் அது அடங்குகிறதா? அப்படியென்றால் அவர் வீட்டில் இருந்தபடி நிறுத்தக்கூடாது. முன்பு நிறுத்தியபோது வலிப்பு வந்தவர், கல்லீரல் பழுதானவர் என்றாலும் அப்படித்தான். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குக் கூட்டிப்போங்கள். டாக்டரைப் பார்க்கும்வரை பாட்டிலைப் பிடுங்கி ஒளித்துவைக்க வேண்டாம்.

மது மூளையை மந்தமாக்குகிறது, அதை ஈடுகட்ட மூளை எந்நேரமும் கூடுதல் முடுக்கத்திலேயே ஓடப் பழகிவிடுகிறது, மது நின்றதும் அந்த முடுக்கம் மட்டும் மிஞ்சி நிற்கிறது. கடைசியாகக் குடித்து 6 முதல் 8 மணி நேரத்தில் நடுக்கம், வியர்வை, வாந்தி தொடங்கும். வலிப்பு வந்தால் பெரும்பாலும் முதல் 48 மணி நேரத்துக்குள் வரும். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாள்வரைதான் ரொம்பக் கவனமாக இருக்க வேண்டும்: சுவரில் பூச்சி ஊர்கிறது என்பார், இல்லாத ஆளோடு பேசுவார், எங்கே இருக்கிறோம் என்றே தெரியாது, காய்ச்சலும் படபடப்பும் சேர்ந்துகொள்ளும். காத்துக்கருப்பு என்று மந்திரிக்கக் கூட்டிப்போகாதீர்கள், உடனே 108-ஐக் கூப்பிடுங்கள்.

வலிப்பு வந்தால் கையில் சாவி கொடுக்காதீர்கள், வாயில் தண்ணீரோ ஸ்பூனோ வைக்காதீர்கள். ஒருக்களித்துப் படுக்கவைத்து, தலைக்குக் கீழே ஒரு துணியை மடித்து வையுங்கள், உடனே 108-ஐக் கூப்பிடுங்கள்.

அப்புறம் இந்த குளுக்கோஸ் விஷயம். சோர்வாக இருக்கிறார் என்று பக்கத்து கிளினிக்கில் ஒரு பாட்டில் ஏற்றச் சொல்வோம். குடிப்பவர் உடம்பில் தயமின் என்கிற பி1 வைட்டமின் வற்றிப்போயிருக்கும், அந்த நிலையில் குளுக்கோஸ் மட்டும் ஏறினால் மூளை பாதிக்கப்பட்டு ஞாபகசக்தி நிரந்தரமாகப் போகக்கூடும். அதனால் "தினமும் குடிக்கிறவர், தயமின் ஊசி போட்டீங்களா டாக்டர்?" என்று தயங்காமல் கேளுங்கள். நடுக்கத்தை அடக்க டாக்டர் தரும் மாத்திரையை அவர் சொன்னபடி படிப்படியாகக் குறையுங்கள், மிச்ச மாத்திரை உங்கள் கையிலேயே இருக்கட்டும்.

குழம்பில் தெரியாமல் கலந்துகொடுக்கச் சொல்லும் பொடி, மாத்திரை எதையும் வாங்காதீர்கள். அதில் டைசல்ஃபிராம் (குடித்தால் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாமல் செய்கிற மருந்து) இருந்து, அதோடு அவர் குடித்தும்விட்டால் ரத்த அழுத்தம் சரிந்து உயிரே போகலாம். அந்த மருந்து அவருக்குத் தெரிந்து, அவர் சம்மதத்தோடு, டாக்டர் கண்காணிப்பில் மட்டும்தான்.

நடுக்கம் நின்றுவிட்டது என்பதற்காக வைத்தியத்தை விட்டுவிடாதீர்கள். ஏக்கத்தைக் குறைக்க நால்ட்ரெக்சோன் மாதிரி மாத்திரைகள் இருக்கின்றன, கவுன்சலிங்கும் மாதக்கணக்கில் தேவைப்படும். இடையில் ஒருநாள் குடித்துவிட்டு வந்தால் அன்று ராத்திரி சண்டை வேண்டாம், மறுநாள் அதே டாக்டரிடம் கூட்டிப்போங்கள். எங்கே போவது என்றே தெரியவில்லையா, 14446-க்குக் கூப்பிடுங்கள், போதை மீட்புக்கான இலவச உதவி எண் அது, குடும்பத்தாரும் பேசலாம்.