57ஆம் எண் வீடு 23 ஆன கதை

ஒரு கணக்கெடுப்பில் தெருவுக்கு ஒரு வீட்டை மறுஆய்வுக்குத் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. புள்ளியியலுக்குப் பயன்படும் ஆர் (R) நிரல்மொழியில், குலுக்கல் முறையில் தேர்ந்தெடுப்பதற்கென்றே 'சாம்பிள்' (sample) என்ற செயற்கூறு (function) இருக்கிறது. வீட்டு எண்களைக் கொடுத்தேன், பட்டியல் வந்தது, களப்பணியாளரிடம் அனுப்பிவிட்டேன்.

மறுநாள் தொலைபேசி. "சார், நீங்கள் சொன்ன 23ஆம் எண் இந்தத் தெருவிலேயே இல்லையே?"

நிரலை வரிவரியாகப் பார்த்தேன். தரவில் தவறில்லை. அந்தத் தெருவில் எங்கள் பட்டியலில் இருந்தது ஒரே வீடு, எண் 57. அங்கேதான் வினை. பல எண்களைக் கொடுத்தால் சாம்பிள் அவற்றுக்குள்ளேயே ஒன்றை எடுக்கும். 57 என்று ஒற்றை எண்ணைக் கொடுத்தாலோ, '1 முதல் 57 வரை' என்று தானாகவே பொருள் கொண்டுவிடும். எச்சரிக்கை கிடையாது, பிழைச் செய்தி கிடையாது. சாதுவாக 23ஐ நீட்டுகிறது! இது உதவிப் பக்கத்திலேயே எழுதியிருக்கிறது என்பது வேறு விஷயம். வசதிக்காகச் செய்தார்களாம். யாருடைய வசதிக்கோ.

தீர்வு ஒரு வரிதான். மதிப்புகளைக் கொடுக்காமல், பட்டியலின் நீளத்தை 'சாம்பிள் டாட் இன்ட்' (sample.int) என்ற செயற்கூறுக்குக் கொடுத்து, பட்டியலில் எத்தனையாவது இடம் என்பதை மட்டும் தேர்ந்தெடுத்தேன். அந்த இடத்தில் உள்ள வீட்டு எண்ணை எடுத்துக்கொண்டேன். நீளம் 1 என்றால் இடமும் 1, வீடு 57. வீடே இல்லாத தெரு வந்தால் பிழை காட்டி நின்றுவிடுகிறது. அது எனக்குச் சம்மதமே. வீட்டு எண்களை எண்களாக அல்லாமல் எழுத்துச் சரங்களாக, அதாவது வெறும் உரையாக வைத்திருந்தாலும் தப்பித்திருப்பேன்.

பழைய பட்டியலைத் தேடியதில் இன்னும் மூன்று ஒற்றை வீட்டுத் தெருக்கள் அகப்பட்டன. களப்பணியாளருக்கு நானே தொலைபேசியில் அழைத்துச் சொன்னேன்.