ஏர் ரைஃபிள் பேரலைத் துடைக்க நைலான் நரம்பு போதும்

10 மீட்டர் துப்பாக்கி சுடும் பயிற்சிக்காகப் புதிதாக ஏர் ரைஃபிள் வாங்குபவர்கள் பலர், கூடவே இரும்புக் கம்பியும் பித்தளை பிரஷ்ஷும் உள்ள கிளீனிங் கிட் ஒன்றையும் வாங்கிவிடுகிறார்கள். அந்தக் கம்பி வேண்டாம் என்பேன். ஏர் ரைஃபிளில் வெடிமருந்து கிடையாது, பெல்லட் எனும் சின்ன ஈயக் குண்டைக் காற்றழுத்தம்தான் தள்ளுகிறது. 4.5 மி.மீ. பேரலுக்குள் படிவதெல்லாம் பெல்லட்டின் ஈயத் துகளும் கொஞ்சம் எண்ணெய்ப் பிசுக்கும்தான். அதைச் சுரண்டத் தேவையில்லை, துடைத்தாலே வந்துவிடும். கம்பியோ உள்ளே இருக்கும் சுருள் பள்ளங்களில் உரசும். அதைவிட மோசம், பேரலின் முன்வாய் விளிம்பைத் தேய்க்கும். பெல்லட் கடைசியாகத் தொட்டுவிட்டுப் போகும் இடம் அது. அங்கே சின்னக் கீறல் விழுந்தாலும் காற்று ஒரு பக்கமாகப் பீறிட்டு பெல்லட்டைத் தள்ளிவிடும்.

என்.சி.சி.யில் இருந்தவர்களுக்கு 'புல்-த்ரூ' தெரியும்: கயிற்றின் நுனியில் துணியை மாட்டி பேரலுக்குள் இழுப்பது. அதையேதான் சின்னதாகச் செய்யப்போகிறோம்.

நரம்பு

புல் வெட்டும் மெஷினில் போடும் நைலான் நரம்பு ஹார்டுவேர் கடையில் கிடைக்கும். 2 மி.மீ. கனம், உருண்டை ரகம், முடிந்தால் ஆரஞ்சு நிறம். பேரல் நீளத்தைப்போல இரண்டு மடங்கு வெட்டிக்கொள்ளுங்கள். சுருண்டே இருந்தால் வெந்நீரில் கொஞ்ச நேரம் போட்டு, இழுத்துப் பிடித்து ஆறவிடுங்கள்.

ஒரு முனையைச் சாய்வாக வெட்டிக் கூராக்குங்கள். மறு முனையை மெழுகுவத்திச் சுடருக்குப் பக்கத்தில் காட்டி, நரம்பை விரலால் உருட்டிக்கொண்டே இருங்கள். சுடருக்குள் விட்டால் கருகிவிடும். நுனி உருகித் திரளும்போது ஒரு பழைய டைல்ஸ் துண்டின் மேல் செங்குத்தாக நிறுத்தி மெதுவாக அழுத்துங்கள், ஆணித்தலை மாதிரி விரியும். உருகிய நைலான் தோலில் ஒட்டிக்கொண்டு சுடும், தொட்டுப் பார்க்காதீர்கள். ஆறியதும் உப்புத்தாளில் உரசி, தலையின் அகலம் 3.5 மி.மீ. தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அப்புறம் குறடால் தலையைப் பிடித்து பலமாக இழுங்கள். பிய்வதானால் இங்கேயே பிய்யட்டும், பேரலுக்குள் வேண்டாம்.

துணி

நன்றாகத் துவைத்துக் காய்ந்த பழைய காட்டன் பனியன்தான் சரியானது. ஒரு ரூபாய் நாணயத்தை வைத்து வட்டம் போட்டு வெட்டினால் ஏறக்குறைய அளவு வந்துவிடும். ஆனால் முதல் துணியை அதைவிடச் சின்னதாக வெட்டுங்கள். பெரிய துணி நடுவில் சிக்கினால் எடுப்பது பெரும்பாடு. லேசான பிடிமானத்தோடு சீராக வழுக்கி வர வேண்டும், அதுதான் அளவு.

துடைப்பது

துப்பாக்கியில் பெல்லட் இல்லை என்பதை முதலில் உறுதிசெய்யுங்கள். மேகசின் இருந்தால் கழற்றி வையுங்கள். எந்தக் காரணத்துக்கும் முன்வாயில் கண்ணை வைக்க வேண்டாம். பேரலை மடக்கும் ரகம் என்றால், ஸ்பிரிங் ஏறும் வரை மடக்காமல் பெல்லட் போடும் வாய் தெரியும் அளவுக்கு மட்டும் திறங்கள். ஸ்பிரிங் ஏறியிருக்கும்போது ட்ரிகரில் கை பட்டால் பேரல் படாரென்று மூடி விரலை நசுக்கிவிடும்.

துணியின் நடுவில் துளையிட்டு, நரம்பின் கூர்முனை வழியாகக் கோத்துத் தலைவரை கொண்டுவாருங்கள். பிறகு கூர்முனையைப் பேரலின் பின்பக்கமாக விட்டு முன்வாய் வழியே வெளியே எடுத்து, நேராக ஒரே இழுப்பாக இழுங்கள். முதல் துணி கருஞ்சாம்பலாக வரும். துணி ஓரளவு வெளுப்பாக வரும்வரை புதுத் துணி மாற்றுங்கள். பளிச்சென்று வர வேண்டும் என்று பிடிவாதம் வேண்டாம்.

எண்ணெய் எதுவும் போடாதீர்கள். தேங்காய் எண்ணெய், மண்ணெண்ணெய், மெஷின் ஆயில் எதுவாக இருந்தாலும் சரி. ஸ்பிரிங் ரகத்தில் காற்று அழுந்தும் சூட்டில் அந்த எண்ணெய் தீப்பிடித்து, காற்று கசியாமல் அடைக்கும் 'சீல்' பாகத்தையும் ஸ்பிரிங்கையும் கெடுக்கும். காற்று அடைக்கும் பி.சி.பி. ரகத்தில் சிலிண்டருக்குள் எண்ணெய் போனால் உயிருக்கே ஆபத்து.

பெல்லட் போடும் வாயைச் சுற்றிய அழுக்குக்குப் பழைய டூத் பிரஷ்ஷும் தென்னை ஈர்க்கும் போதும். அங்கே இருக்கும் ரப்பர் வளையத்தைக் குத்தும் ஊசி வேண்டவே வேண்டாம்.

அழுக்குத் துணியில் ஈயம் இருக்கிறது. எரிக்காமல், கவரில் கட்டிப் போட்டுவிட்டு சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். சாப்பாட்டு மேசையில் இந்த வேலை கூடாது, குழந்தைகளும் பக்கத்தில் வேண்டாம்.

ஆரஞ்சு நரம்பு வாங்கச் சொன்னதற்குக் காரணம் உண்டு. போட்டிகளில் பேரல் காலி என்று காட்ட, அதன் முழு நீளத்துக்கும் போகும் பளிச்சென்ற நிறக் கொடி செருகியிருக்க வேண்டும். தலை செய்யாத இன்னொரு துண்டை இரண்டு பக்கமும் வெளியே தெரிகிற மாதிரி வெட்டி, பயிற்சியிலேயே பழகிக்கொள்ளலாம்.

இந்த முறை ஏர் ரைஃபிளுக்கு மட்டும். வெடிமருந்துத் துப்பாக்கியில் படியும் கரி வேறு, அதற்கு பிரஷ்ஷும் கரைப்பானும் தேவைப்படும்.

துடைத்தபின் முதல் சில பெல்லட்டுகள் குறி விலகி விழலாம். உடனே குறி பார்க்கும் சைட்டைத் திருகாதீர்கள். பேரலில் மறுபடி மெல்லிய ஈயப் பூச்சு ஏறியதும் குறி பழைய இடத்துக்கு வரும், அதற்குப் பிறகு திருத்தினால் போதும்.